தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதுமா?
விமானப் பயண அட்டவணைகள் பற்றி ஒரு திறனாய்வு

பொது அறிவு நூல்கள், நாட்குறிப்பேடுகள், நிலப்படத் தொகுப்புகள் ஆகியவற்றின் கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணையை நீங்கள் பார்த்திருக்கலாம். இடப்பக்கம் ஒரு நகரம். அதற்கு எதிரே மற்றொரு நகரம். இரண்டுக்கும் இடையே உள்ள வான்வழித் தூரம் கிலோமீட்டரில். அடுத்த கட்டத்தில் விமானம் பறக்கும் நேரம். இன்று இந்த அட்டவணை கைபேசிக்குள்ளும் குடியேறிவிட்டது. இரண்டு விமான நிலையங்களின் பெயர்களைக் கொடுத்தால், நொடிப்பொழுதில் இரண்டு எண்கள் வந்து நிற்கின்றன. உருவம் மாறியிருக்கிறது, உள்ளடக்கம் மாறவில்லை.

அந்த இரண்டு எண்களைத் திறனாய்வு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாவலையும் கவிதையையும் திறனாய்வது போல அட்டவணையையும் திறனாயலாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் செய்ய வேண்டும். நாவலைப் படிப்பவர் அது கற்பனை என்று அறிந்தே படிக்கிறார். அட்டவணையைப் படிப்பவரோ அதில் உள்ளதை அப்படியே நம்பிவிடுகிறார். ஆகவே அட்டவணையில் உள்ள தவறு நாவலில் உள்ள தவற்றைவிட ஆழமாக மனத்தில் பதிந்துவிடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் எண்ணாகிய தூரம் பெரும்பாலும் சரியானது. இரண்டாவது எண்ணாகிய நேரம் பெரும்பாலும் தவறானது. இரண்டையும் ஒரே உறுதியுடன் அருகருகே அச்சிடுவது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் எண் எப்படிப் பிறக்கிறது?

பூமியை ஓர் உருண்டையாகக் கொள்வோம். அதன் மேற்பரப்பில் உள்ள இரண்டு இடங்களையும் பூமியின் மையத்தையும் உள்ளடக்கிய ஒரு தளத்தால் உருண்டையை வெட்டினால், மேற்பரப்பில் ஒரு வட்டம் கிடைக்கும். இதற்குப் பெருவட்டம் என்று பெயர். இவ்வட்டத்தில் இரு இடங்களுக்கும் இடையே உள்ள சிறிய வில்லே அவற்றுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி. அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால், கோள முக்கோணவியலின் துணைகொண்டு அந்த வில் பூமியின் மையத்தில் தாங்கும் கோணத்தைக் கணக்கிடலாம். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111.2 கி.மீ. என்று பெருக்கினால் தூரம் வந்துவிடும்.

பூமி சரியான உருண்டை அன்று. துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதன் நடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிட ஏறத்தாழ 43 கி.மீ. அதிகம். இதனால் ஏற்படும் பிழை அரை விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும்.

“விமானம் தரையில் செல்லவில்லையே, 11 கி.மீ. உயரத்தில் அல்லவா பறக்கிறது? அந்த வட்டம் பெரியதாயிற்றே!” என்று சில மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆனால் பூமியின் ஆரம் 6,371 கி.மீ. அதனோடு 11 கி.மீ. சேர்வதால் தூரம் அதே விகிதத்தில்தான் கூடும். 12,000 கி.மீ. பயணத்தில் இந்தக் கூடுதல் ஏறத்தாழ 21 கி.மீ. மட்டுமே. விமானம் அதை ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடும். ஆகவே முதல் எண்ணின் மீது நமக்குப் பெரிய குறை இல்லை.

சுவர்ப்படத்தைக் குறை கூறலாமா?

விந்தை என்னவென்றால், சரியாக உள்ள இந்த முதல் எண்ணைத்தான் மக்கள் ஐயுறுகிறார்கள். அதற்குக் காரணம் வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படம்.

டில்லியையும் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோவையும் எடுத்துக்கொள்வோம். அட்லாண்டிக் பெருங்கடல் நடுவில் அமைந்த வழக்கமான சுவர்ப்படத்தில் டில்லி வலப்புறம் இருக்கும். சான் பிரான்சிஸ்கோ இடப்புறம் இருக்கும். அளவுகோலை வைத்து இரண்டையும் இணைத்தால், கோடு அரபு நாடுகள், வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் பெருங்கடல் ஆகியவற்றைக் கடந்து செல்லும். மெர்க்கேட்டர் முறையில் வரைந்த படமானால், அந்தக் கோட்டின் உண்மை நீளம் ஏறத்தாழ 18,600 கி.மீ. ஆனால் அட்டவணை காட்டும் பெருவட்டத் தூரமோ ஏறத்தாழ 12,400 கி.மீ. அந்த வழி மேற்கே செல்வதே இல்லை. டில்லியிலிருந்து ஏறக்குறைய வடக்கு நோக்கிக் கிளம்பி, திபெத்து, சைபீரியா, ஆர்க்டிக் பெருங்கடல், அலாஸ்கா என்று சென்று இறங்குகிறது.

இதற்காக மெர்க்கேட்டரைப் பழிப்பது நியாயம் ஆகாது. அவர் 1569இல் தம் படத்தை வரைந்தது மாலுமிகளுக்காக. காந்த ஊசி காட்டும் ஒரே திசையில் கப்பலைச் செலுத்தினால் அந்த வழி படத்தில் நேர்கோடாக விழவேண்டும் என்பதே அவர் நோக்கம். அதில் அவர் முழு வெற்றி பெற்றார். திசையைக் காட்டப் பிறந்த படத்திடம் தூரத்தைக் கேட்பது நம் தவறு.

இதை எளிதில் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். பின்லாந்தின் ஹெல்சிங்கியும் அலாஸ்காவின் ஆங்கரேஜும் ஏறத்தாழ 60 பாகை வட அட்சரேகையில் உள்ளன. உலகின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. சரியாக 60 பாகையில், சரியாக 180 பாகை இடைவெளியில் இருப்பதாகவே கொள்வோம். அட்சரேகையின் வழியே சென்றால், 60 பாகையின் கொசைன் அரை என்பதால், தூரம் 20,000 கி.மீட்டரில் பாதி, அதாவது 10,000 கி.மீ. துருவத்தின் வழியே சென்றால் 30 பாகை மேலே, 30 பாகை கீழே. மொத்தம் 60 பாகை, அதாவது ஏறத்தாழ 6,670 கி.மீ. மூன்றில் ஒரு பங்கு தூரம் மிச்சம்! ஒரு பூகோள உருண்டையும் ஒரு முழ நூலும் இருந்தால் இதை நீங்களே சோதித்துவிடலாம்.

நிலநடுக்கோட்டின் அருகில் வாழும் நமக்கு இந்த வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 2,930 கி.மீ. இங்குச் சுவர்ப்படத்தின் நேர்கோடும் பெருவட்டமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே செல்லும். அதனால்தான் படம் நம்மை ஏமாற்றுவதை நாம் உணர்வதில்லை.

இரண்டாவது எண்

இனி, நேரத்துக்கு வருவோம். அட்டவணை தயாரிப்பவர் என்ன செய்கிறார்? தூரத்தை மணிக்கு 800 அல்லது 900 கி.மீ. என்ற ஒரு நிலையான வேகத்தால் வகுக்கிறார். சிலர் ஏறவும் இறங்கவும் அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான்.

900 என்ற எண் எங்கிருந்து வந்தது? அது வெறும் ஊகம் அன்று. 11 கி.மீ. உயரத்தில் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ சுழிக்குக் கீழே 56 பாகை செல்சியஸ். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் நொடிக்கு 295 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 1,060 கி.மீ. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க விமானத்தின் மீதுள்ள தடை விசை திடீரென்று உயர்கிறது, எரிபொருள் வீணாகிறது. ஆகவே நெடுந்தூரப் பயணிகள் விமானங்கள் ஒலியின் வேகத்தில் 85 விழுக்காடு அளவில் பறக்கின்றன. 1,060இல் 85 விழுக்காடு ஏறத்தாழ 900. எனவே எண்ணுக்கு அடிப்படை உண்டு. ஆனால் இங்கேதான் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. இந்த 900 கி.மீ. எதைச் சார்ந்த வேகம்? தரையைச் சார்ந்த வேகம் அன்று. விமானத்தைச் சூழ்ந்துள்ள காற்றைச் சார்ந்த வேகம். அட்டவணையின் தூரமோ தரையில் அளந்த தூரம். தரையில் அளந்த தூரத்தைக் காற்றில் அளந்த வேகத்தால் வகுத்தால் கிடைப்பது எதன் நேரம்?

முதலில் ஒரு சிறிய பயணத்தைப் பார்ப்போம். சென்னை, பெங்களூரு விமான நிலையங்களுக்கு இடையே வான்வழித் தூரம் 270 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 900ஆல் வகுத்தால் 18 நிமிடம். ஆனால் விமான நிறுவனங்களின் கால அட்டவணைகள் இப்பயணத்துக்கு ஒரு மணி நேரம் அளவில் ஒதுக்குகின்றன. விமானம் நிற்குமிடத்திலிருந்து நகர்ந்து ஓடுபாதைக்குச் செல்ல வேண்டும், தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், ஏற வேண்டும், இறங்க வேண்டும். ஏறத்தாழ 3 கி.மீ. உயரத்துக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 460 கி.மீ. என்ற வேக வரம்பும் பொதுவாக உண்டு. இத்தகைய குறும்பயணத்தில் 900 என்ற வேகத்தை விமானம் எட்டிப் பிடிப்பதற்குள் இறங்கவேண்டிய வேளை வந்துவிடுகிறது. ஆகவே 18 நிமிடம் என்பது மூன்று மடங்குக்கும் மேலான பிழை.

நெடும்பயணங்களில் இந்தப் பிழையின் பங்கு குறைந்துவிடும். ஆனால் அங்கு அதைவிடப் பெரிய பிழை ஒன்று காத்திருக்கிறது. அதுதான் காற்று.

மறந்துவிட்ட காற்று

ஆற்றில் செல்லும் படகைப் பற்றிய கணக்கை நீங்கள் பள்ளியில் செய்திருப்பீர்கள். நீரோட்டத்தோடு போனால் வேகங்களைக் கூட்டுகிறோம்; எதிர்த்துப் போனால் கழிக்கிறோம். சார்புத் திசைவேகம் என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறோம். விமானம் என்றதும் மட்டும் நீரோட்டத்தை மறந்துவிடுவது ஏன்? வானத்திலும் ஆறுகள் ஓடுகின்றன.

1920களில் ஜப்பானிய வானிலையியலார் வசபுரோ ஓயிஷி, சிறு பலூன்களைப் பறக்கவிட்டு அவற்றைத் தொலைநோக்கியால் பின்தொடர்ந்து, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் கடுங்காற்று வீசுவதைக் கண்டறிந்தார். 1926இல் தம் முடிவுகளை எஸ்பெராண்டோ என்னும் செயற்கை மொழியில் வெளியிட்டார். உலகமெல்லாம் படிக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்தது. பெரும்பாலோர் படிக்காமற் போனதற்கும் அதுவே காரணமாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் சிக்கித் திகைத்தார்கள். இதையே இன்று ஜெட் காற்றோட்டம் என்கிறோம். மணிக்கு 100 கி.மீ. முதல் சில வேளைகளில் 300 கி.மீ.க்கும் மேலாக இது வீசும். குளிர்காலத்தில் வலுப்பெறும், கோடையில் தளரும், இடமும் மாறும்.

நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே 5,540 கி.மீ. அட்டவணைக் கணக்குப்படி 6 மணி 10 நிமிடம்; போகவும் அதுவே, வரவும் அதுவே. உண்மை என்ன? விமான நிறுவனங்கள் நியூயார்க்கிலிருந்து கிழக்கே லண்டன் செல்ல ஏறத்தாழ 7 மணி நேரமும், லண்டனிலிருந்து மேற்கே திரும்ப ஏறத்தாழ 8 மணி நேரமும் ஒதுக்குகின்றன. 2020 பிப்ரவரியில் ஐரோப்பாவில் கடும்புயல் வீசியபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அதன் உச்ச வேகம் தரையைச் சார்ந்து மணிக்கு 1,327 கி.மீ. என்று செய்தி வெளியாயிற்று.

அந்த எண்ணைக் கண்டு, “ஒலியின் வேகத்தையே மிஞ்சிவிட்டதே!” என்று வியந்தவர்கள் பலர். மிஞ்சவில்லை. அவ்விமானத்தைச் சூழ்ந்திருந்த காற்றே மணிக்கு 300 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காற்றைச் சார்ந்து விமானத்தின் வேகம் வழக்கமானதுதான். ஓடும் ரயிலுக்குள் நடப்பவன் தரையைச் சார்ந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்வதால் ஓட்டப் பந்தய வீரன் ஆகிவிடுவானா? மெய்யாகவே ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டு விமானம் 1996இல் இதே வழியை 2 மணி 53 நிமிடத்தில் கடந்தது. அது வேறு கதை.

நம் வானத்திலும் இப்படி ஒரு காற்று உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையில் மேற்குக் காற்று வீசும்போது, மிக உயரத்தில் தென்னிந்தியாவின் மேலாகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. இதை 1950களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலையியலார் பி. கோட்டேஸ்வரம். இதன் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்குச் சற்று மேலே இருந்தாலும், இதன் தாக்கம் கீழேயும் எட்டும். ஆகவே காற்றின் திசைகூட எங்கும் என்றும் ஒன்றன்று.

போக வரச் சரியாகிவிடுமா?

இங்கே அட்டவணையின் பக்கம் நின்று ஒருவர் வாதாடலாம்: “போகும்போது காற்று தள்ளினால் வரும்போது தடுக்கும். இரண்டும் கழிந்து சராசரி சரியாகிவிடும் அன்றோ?”

கணக்கிட்டுப் பார்ப்போம். தூரம் 7,200 கி.மீ.; காற்றைச் சார்ந்த வேகம் மணிக்கு 900 கி.மீ.; காற்று மணிக்கு 100 கி.மீ. எனக் கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் போக 8 மணி, வர 8 மணி. மொத்தம் 16 மணி. காற்றோடு போகும்போது வேகம் 1,000, நேரம் 7.2 மணி. எதிர்த்து வரும்போது வேகம் 800. நேரம் 9 மணி. மொத்தம் 16.2 மணி. பன்னிரண்டு நிமிடம் கூடுதல். காற்று எவ்வளவு கூடுகிறதோ அதன் இருமடியைப் போல் இந்த இழப்பும் கூடும். காரணம் எளிது: காற்று உதவி செய்யும் நேரம் குறைவு, கெடுதல் செய்யும் நேரம் அதிகம். ஆகவே சராசரியாகக்கூட அட்டவணை சரியன்று.

மற்றொரு தவறான விளக்கத்தையும் இங்கேயே களைந்துவிடுவோம். “பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது, எனவே மேற்கே பறந்தால் ஊர் நம்மை நோக்கி வந்துவிடும், பயணம் விரைவாக முடியும்” என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மேலே கண்ட உண்மை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. மேற்கே செல்வதற்கே அதிக நேரம் ஆகிறது. பூமி சுழலும்போது வளிமண்டலமும் உடன் சுழல்கிறது. தரையில் நிற்கும் விமானமும் அச்சுழற்சியின் வேகத்தைப் பெற்றே கிளம்புகிறது. பூமியின் சுழற்சி பயணத்தைப் பாதிப்பது உண்மை. ஆனால் நேராக அன்று. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் நோக்கி நகரும் காற்றைக் கிழக்கே திருப்பி, ஜெட் காற்றோட்டத்தை உருவாக்குவதன் மூலமே பாதிக்கிறது.

நீண்ட வழி, குறைந்த நேரம்

மீண்டும் டில்லி-சான் பிரான்சிஸ்கோவுக்கு வருவோம். பெருவட்ட வழி 12,400 கி.மீ. என்றோம். 900ஆல் வகுத்தால் 13 மணி 45 நிமிடம். ஆனால் அந்த வழியே நேராகப் பறக்க முடியாது. திபெத்து மேட்டுநிலத்தின் சராசரி உயரம் 4 கி.மீ.க்கும் அதிகம். விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்துவிட்டால், பயணிகள் மூச்சுவிடக்கூடிய 3 கி.மீ. உயரத்துக்கு விமானி உடனே இறங்க வேண்டும். கீழே மலை இருந்தால் எங்கே இறங்குவது? ஆகவே பெரும்பாலான விமானங்கள் அப்பகுதியைச் சுற்றிக்கொண்டே செல்கின்றன.

ஏர் இந்தியா நிறுவனம் முதலில் மேற்கே திரும்பி அட்லாண்டிக் வழியாகச் சென்றது. அவ்வழி ஏறத்தாழ 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அந்நிறுவனம் வழியை மாற்றிற்று. டில்லியிலிருந்து கிழக்கே பறந்து பசிபிக் பெருங்கடலைக் கடந்தது. அவ்வழி ஏறத்தாழ 15,300 கி.மீ.; பழைய வழியைவிட 1,400 கி.மீ. நீளமானது. ஆனால் பயணம் சுமார் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது. பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு!

இந்த எண்களை வகுத்துப் பாருங்கள். பசிபிக் வழியில் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,055 கி.மீ.; அட்லாண்டிக் வழியில் ஏறத்தாழ 840 கி.மீ. விமானம் ஒன்றே; எந்திரம் ஒன்றே. 200 கி.மீ.க்கும் மேலான வேறுபாட்டை உண்டாக்கியது காற்று. “தூரம் கூடினால் நேரம் கூடும்” என்று கணக்குப் புத்தகம் சொல்கிறது. தூரம் கூடியபோது நேரம் குறைந்ததை இந்தப் பயணம் காட்டிற்று. எந்த அட்டவணையாலும் இதைச் சொல்ல முடியாது; ஏனெனில் அட்டவணைக்குக் காற்றே தெரியாது.

காற்றுக்கும் அப்பால்

இயற்கை மட்டுமன்றி மனிதரும் இந்த எண்ணை மாற்றுகிறார்கள். ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 7,830 கி.மீ.; அட்டவணைக் கணக்கில் 8 மணி 42 நிமிடம். பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் 1983இல் இவ்வழியில் இடைநில்லாப் பயணத்தைத் தொடங்கியபோது, சோவியத் நாட்டின் வான்வெளியைத் தவிர்க்க வேண்டியிருந்தது. டிசி-10 விமானம் வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 13 மணி நேரம் பறந்தது. பின்னர் சைபீரிய வான்வெளி திறந்தது. பயணம் 9 மணி, 10 மணி நேர அளவுக்குச் சுருங்கியது. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. பயணம் மறுபடியும் 13 மணி நேரம் ஆயிற்று.

ஹெல்சிங்கி நகரவில்லை, டோக்கியோ நகரவில்லை. அவற்றுக்கு இடையே உள்ள தூரம் 1983இலும் 2022இலும் ஒன்றே. நேரம் மட்டும் ஏறி, இறங்கி, மீண்டும் ஏறியிருக்கிறது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் இதுதான்: தூரம் என்பது இரண்டு ஊர்களின் பண்பு, நேரம் என்பது அவ்விரு ஊர்களின் பண்பு அன்று. அது காற்றுக்கும், பருவத்துக்கும், மலைகளுக்கும், அரசுகளுக்கும் உரியது.

இதனால் என்ன இழப்பு?

“பத்து நிமிடம் முன்னே பின்னே ஆனால் என்ன? அட்டவணையை யாரும் விமானத்தை ஓட்டுவதற்காகப் படிப்பதில்லையே” என்று தோன்றலாம். விமானத்தில் நேரம் என்பது எரிபொருள். தரையில் செல்லும் பேருந்து எண்ணெய் தீர்ந்தால் சாலையோரம் நிற்கும். விமானத்துக்குச் சாலையோரம் இல்லை.

1990 ஜனவரி 25 அன்று, கொலம்பியாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த அவியாங்கா நிறுவனத்தின் போயிங் 707 விமானம், மோசமான வானிலையாலும் நெரிசலாலும் மூன்று இடங்களில் வானத்தில் வட்டமிடவைக்கப்பட்டது. வட்டமிட்ட நேரம் மட்டும் மொத்தம் 1 மணி 17 நிமிடம். முதன்முறை இறங்க முயன்றது கைகூடவில்லை. மறுமுறை முயல்வதற்குள் எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. அதில் இருந்த 158 பேரில் 73 பேர் உயிரிழந்தனர். எரிபொருள் நிலையை விமானிகள் சரிவரக் கையாளாததும், நெருக்கடியைத் தெளிவாக அறிவிக்காததும் முதன்மைக் காரணங்கள் என விசாரணை கூறிற்று. இரண்டு நகரங்களுக்கு இடையே உள்ள தூரம் அன்றும் மாறவில்லை. மாறியது நேரம்.

இதனால்தான் ஒவ்வொரு பயணத்துக்கும் அன்றைய காற்றை வைத்துப் புதிதாகக் கணக்கிடுகிறார்கள். போய்ச் சேரத் தேவையான எரிபொருளோடு, வழியில் நேரும் மாறுதல்களுக்கு, மாற்று நிலையத்துக்குச் செல்வதற்கு, அங்கும் காத்திருப்பதற்கு எனத் தனித்தனியே சேர்த்து நிரப்புகிறார்கள். ஒரே வழியில் நேற்றுப் பறந்த நேரத்தை இன்று அப்படியே நம்பும் விமானி இல்லை. தொழில் தெரிந்தவர்கள் நம்பாத எண்ணை மாணவர்களுக்கு மட்டும் உறுதியான உண்மையாகக் கொடுக்கலாமா?

மற்றோர் இழப்பும் உண்டு. இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்துவது அதுவே. “விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. எனில் பயண நேரம் காண்க” என்ற வினாவுக்கு, “காற்றின் வேகம் கொடுக்கப்படவில்லையே” என்று ஒரு மாணவி எழுதினால், அவளுக்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும்? வகுத்தவளுக்கு முழு மதிப்பெண், சிந்தித்தவளுக்குச் சுழி. சூத்திரம் எந்த நிபந்தனையில் பொருந்தும் என்று கேட்பதுதான் இயற்பியல். அந்தக் கேள்வியை அடக்குகிற வினா, கணக்கைக் கற்பிக்கிறதே தவிர இயற்பியலைக் கற்பிப்பதில்லை.

எப்படித் திருத்தலாம்?

குறை கூறுவது எளிது. வழி சொல்வதே கடமை. அட்டவணை தயாரிப்பவர்களுக்கு நான்கு திருத்தங்களை முன்வைக்கிறேன். முதலாவது, தூரத்தின் தலைப்பில் “பெருவட்டத் தூரம்” என்றே அச்சிட வேண்டும். விமானம் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிட அதிகம் என்பது விளங்கும். இரண்டாவது, நேரத்துக்கு ஒரு கட்டம் போதாது. போகும் நேரம், வரும் நேரம் என இரண்டு வேண்டும். மூன்றாவது, ஒற்றை எண்ணுக்குப் பதிலாக இரண்டு எல்லைகளைத் தர வேண்டும். “6 முதல் 7 மணி” என்பது “6 மணி 10 நிமிடம்” என்பதைவிட அடக்கமானது, ஆகவே உண்மையானது. நான்காவது, அது வானில் பறக்கும் நேரமா, நிற்குமிடத்திலிருந்து நிற்குமிடம் வரையிலான நேரமா என்று சொல்ல வேண்டும்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அதே கணக்கைத் தலைகீழாகத் திருப்பிவிடுங்கள். நேரத்தைக் கேட்காமல், இரண்டு நேரங்களையும் கொடுத்துக் காற்றைக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக: 5,540 கி.மீ. தூரத்தை ஒரு விமானம் கிழக்கே 6 மணி நேரத்திலும், மேற்கே 7 மணி நேரத்திலும் கடக்கிறது எனக் கொள்வோம். தரையைச் சார்ந்த வேகங்கள் முறையே 923, 791. இவற்றின் கூட்டலில் பாதி 857. இது காற்றைச் சார்ந்த விமானத்தின் வேகம். கழித்தலில் பாதி 66. இது காற்றின் வேகம்.

பாருங்கள், வெறும் வகுத்தலாக இருந்த கணக்கு ஓர் ஆய்வுக் கருவியாக மாறிவிட்டது! கையில் ஒரு விமானக் கால அட்டவணை மட்டும் இருந்தால், பத்து கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றைத் தரையில் அமர்ந்தபடியே தோராயமாக அளந்துவிடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: கால அட்டவணையில் உள்ள நேரத்தில் ஓடுபாதையில் நகரும் நேரமும் அடங்கியிருக்கும். இரு திசைக்கும் அரை மணி நேரம் கழித்துக்கொண்டு கணக்கிடுங்கள்.

அடுத்த விடுமுறையில் ஒரு பூகோள உருண்டை, நூல், கால அட்டவணை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கிழக்கு மேற்காக அமைந்த பத்து வழிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் காற்றைக் கணக்கிட்டு, அட்சரேகையை ஒட்டி வரிசைப்படுத்துங்கள். நிலநடுக்கோட்டின் அருகே காற்று சிறியதாகவும், 30 பாகை முதல் 50 பாகை வரை பெரியதாகவும் அமைகிறதா? கோடைக்கால அட்டவணைக்கும் குளிர்கால அட்டவணைக்கும் வேறுபாடு தெரிகிறதா? விடை எதுவாயினும், அது அச்சிட்ட அட்டவணையிலிருந்து நம்பி எடுத்த எண்ணாக இராது. நீங்களே கண்டறிந்த எண்ணாக இருக்கும்.